இருநூற்றுப் பன்னிரண்டு குழிகளுக்கு நாலே ஆழம்

கம்ப்யூட்டருக்குள் பெய்த மழையில் கிடங்குத் தெரு நனையவே இல்லை. வெளியே பெய்த மழையில்தான் சௌகத் அலியின் தோல் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து, அடுக்கி வைத்திருந்த ஆட்டுத்தோல் அத்தனையும் ஊறி, தெருவே மூக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தது. இந்த இரண்டு மழையில் எது நிஜ மழை என்று கேட்டதற்கு, வடிகால்களைப் பராமரிக்கிற கம்பெனி, தன் கம்ப்யூட்டரில் பெய்ததுதான் என்று லெட்டர்பேடில் அடித்து, சீலும் குத்திக் கொடுத்துவிட்டது.

அந்தக் கடிதத்தை முத்துச்சாமி மூன்றாவது தடவையாக வாசித்துக்கொண்டிருந்தான். காலை பத்து மணி. பேகம்பூரில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் கமர்ஜஹான் துப்பறியும் நிலையம். பெரும்பாலும் மாப்பிள்ளை விசாரணைதான் வரும். பையன் குடிப்பானா, திருப்பூரில் வேலை என்கிறானே, அப்படி ஒரு வேலை திருப்பூரிலாவது இருக்கிறதா, இந்த மாதிரி.

கமர்ஜஹானுக்கு ஐம்பத்திரண்டு வயது. இருபது வருஷம் பள்ளிச் சீருடை தைக்கிற இடத்தில் துணி வெட்டும் மாஸ்டராக இருந்தவர். ஆளைப் பார்த்தாலே சட்டை அளவு சொல்வார். கொஞ்சம் பேசவிட்டால் பொய்யின் அளவும் சொல்லிவிடுவார். முத்துச்சாமி எட்டு வருஷம் கேபிள் பதிக்கக் குழி வெட்டியவன். திண்டுக்கல்லுக்கும் வத்தலக்குண்டுக்கும் நடுவில் அவன் கடப்பாறை படாத கரடு குறைவு. முதுகெலும்பு விலகிய பிறகு அவனிடம் நல்ல நிலையில் மிச்சமிருந்தது வாய் ஒன்றுதான். அதை வைத்து இந்த வேலையில் சேர்ந்துவிட்டான்.

கடிதத்தில் இருந்த மரியாதையையெல்லாம் உதறிவிட்டால் விஷயம் இவ்வளவுதான். கிடங்குத் தெரு வடிகாலை ‘வருணஜாலம்’ என்ற மென்பொருளில் ஏற்றி, அதற்குள் மழை பெய்யவிட்டுப் பார்த்தார்களாம். போன செவ்வாய்க்கிழமை பெய்த மழைபோல் இரண்டு பங்கு பெய்தாலும் வடிகால் தாங்குமாம். தாங்க வேண்டியது தாங்காமல் தெருவில் வழிந்தது என்றால், கீழ்ப்பாதியைச் சுத்தம் செய்ய வேண்டிய தொழிலாளி முனீஸ்வரி அதைச் செய்யவில்லை என்பதைத் தவிர வேறு காரணம் இருக்க முடியாதாம். இன்று மாலை நாலு மணிக்கு விசாரணை. திருப்தியான விளக்கம் இல்லையென்றால் பணிநீக்கம்.

முனீஸ்வரி பதினாலு வருஷமாகத் தினக்கூலி. அடுத்த மாதம் நிரந்தரமாக்கப் போகிறவர்கள் பட்டியலில் பதினோராவது பெயர் அவளுடையது. நாலு மணிக்கு நீக்கிவிட்டால் பத்துக்கு அடுத்து பன்னிரண்டு வரும், அவ்வளவுதான். பதினாலு வருஷமும் அவள் அள்ளிப்போட்ட சேறோடு சேர்ந்து லாரி ஏறிவிடும்.

கடிதத்தைக் கொண்டுவந்து கொடுத்தவர், கிடங்குக்குள் தண்ணீர் புகுந்ததைப் புகார் செய்த சௌகத் அலி. மழை பெய்த அன்றைக்குக் காலையில் முனீஸ்வரி சேறு அள்ளியதைக் கிடங்கு வாசலில் நின்று தன் கண்ணால் பார்த்தவர். அதைக் கம்பெனியில் போய்ச் சொன்னதற்கு, மனுஷக் கண்ணு ஏமாறும் பாய், சாஃப்ட்வேர் ஏமாறாது என்று ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். விசாரணைக்குப் புகார்தாரர் வரலாம், அல்லது தன் சார்பில் ஒருவரை அனுப்பலாம் என்று கடிதத்தின் அடியில் ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரியை நம்பித்தான் அவர் மாடி ஏறி வந்தார்.

“அந்தப் பொண்ணத் தூக்கிட்டா என் கிடங்கு காஞ்சிருமாம்மா?” என்று கமர்ஜஹானிடம் கேட்டார். “அடுத்த மழைக்கும் தண்ணி வரத்தான போகுது. அப்ப யாரத் தூக்குவாங்க? என்னையவா?”

கடிதத்தோடு ஓர் அறிக்கையும் இருந்தது. எண்பத்து நாலு பக்கம், கல்யாணப் பத்திரிகை மாதிரி வழவழவென்று தாள். ஊர் வரைபடத்தின் மேல் கோடு கோடாக வடிகால்கள். பச்சைக் கோடு நல்ல வடிகால், சிவப்புக் கோடு கெட்ட வடிகால். கிடங்குத் தெரு கிளிப்பச்சையில் இருந்தது.

“இம்புட்டுப் பச்சை நம்ம தாலுகாவுலயே கெடையாதுக்கா,” என்றான் முத்துச்சாமி. “பேசாம இந்தப் பக்கத்துலயே வாழை போட்டுரலாம்.”

கமர்ஜஹான் படங்களைப் புரட்டித் தள்ளிவிட்டு, யாரும் வாசிக்க மாட்டார்கள் என்று நம்பி கடைசியில் சேர்த்திருந்த ஆறு பக்கங்களுக்குப் போனார். ஊரில் உள்ள இருநூற்றுப் பன்னிரண்டு வடிகால் குழிகளின் பட்டியல். ஒவ்வொரு குழிக்கும் எதிரே அதன் ஆழம், சென்டிமீட்டரில். அவர் விரல் மேலிருந்து கீழே ஓடியது. பிறகு மறுபடியும் மேலே வந்தது.

“முத்து, நாப்பத்தெட்டு, நூத்தியொண்ணு, நூத்தியிருபத்தேழு, நூத்தி நாப்பத்தாறு. இந்த நாலு தவிர அஞ்சாவதா ஒரு நம்பர் இதுல இருக்கான்னு பாரு.”

அவன் ஆறு பக்கத்தையும் தேடினான். இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு குழிக்கும் சேர்த்து நாலே ஆழம்தான்.

“ரெடிமேட் சட்டைக்கா. ஸ்மாலு, மீடியம், லார்ஜு, எக்ஸெல்லு.”

“நீ குழி வெட்டுனவன்தான? இருநூறு குழி வெட்டுனா எத்தனை ஆழம் வரும்?”

“இருநூறு வரும். மேஸ்திரி திட்டுனா இருநூத்தி ஒண்ணு வரும். இது அளக்காம எழுதுனதுக்கா. சந்தேகமே இல்ல.”

கமர்ஜஹான் இல்லை என்று தலையை ஆட்டினார். அளக்காமல் பொய் எழுதுகிறவன் ஐம்பது, நூறு, நூற்றைம்பது என்றுதான் எழுதுவான், சோம்பேறிக்கு முழு எண்தான் வாயில் வரும் என்றார். நூற்று இருபத்தேழு என்று ஒருவன் எழுதியிருக்கிறான் என்றால், டேப்பை வைத்து எதையோ அளந்திருக்கிறான்.

“ஆனா குழிய இல்ல. எத அளந்தான்னு தெரிஞ்சா போதும், நாலு மணிக்குப் பேச நமக்கு வாய் இருக்கும்.”

முத்துச்சாமி மொபெட் சாவியை எடுத்தான். வாய் தன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது என்பதை அவன் சொல்லிக் காட்டவில்லை.

*

கிடங்குத் தெருவில் சௌகத் அலியின் கிடங்கு வாசலிலேயே முனீஸ்வரி காத்திருந்தாள். வயது நாற்பதைத் தாண்டியவள். உயரம் நாலரை அடியும் இன்னும் இரண்டு விரற்கடையும். மழை போய் ஆறு நாளாகியும் சுவரில் தண்ணீர் நின்ற கோடு அழியவில்லை. நாற்றமும் அப்படியே இருந்தது. முத்துச்சாமி வண்டியை நிறுத்தப் போன இடத்தைப் பார்த்து, அந்த சிலாப்பு ஆடும், செத்த தள்ளி நிறுத்துங்க என்றாள். அந்தத் தெருவில் எந்தக் கல் ஆடும், எது ஆடாது என்பது அவளுக்குத் தன் பல்வரிசை மாதிரி தெரிந்திருந்தது.

இந்த வடிகாலை அளக்கக் கம்பெனியிலிருந்து எப்போதாவது யாராவது வந்தார்களா என்று கமர்ஜஹான் கேட்டார். யாரும் வரவில்லை. டேப்போடும் வரவில்லை, குச்சியோடும் வரவில்லை, சும்மாகூட வரவில்லை.

“போன்லதான் ஒரு தம்பி கேட்டாரு,” என்றாள் முனீஸ்வரி. “வைகாசி மாசம். உங்க பக்கத்துக் குழியெல்லாம் எத்தனை மீட்டருங்க அக்கான்னாரு. மீட்டரு கீட்டரெல்லாம் எனக்குத் தெரியாது தம்பி, எறங்குனா எம்புட்டு வரும்னு வேணா சொல்றேன்னேன். சரிங்க, அதையே சொல்லுங்கன்னாரு. இது மொழங்காலு, அது இடுப்பு, அது நெஞ்சு, இந்தக் கிடங்கு வாசல் குழி கழுத்துன்னு ஒவ்வொண்ணாச் சொன்னேன். பொறுமையா எழுதிக்கிட்டாரு. நல்ல புள்ள. கடைசில நன்றிங்க அக்கான்னு வேற சொல்லுச்சு.”

முத்துச்சாமிக்குப் பழைய ஞாபகம் ஒன்று பொட்டில் அடித்தது. கேபிள் வேலையில் மேஸ்திரி வந்து, இடுப்பளவு வெட்டு என்று சொல்லிவிட்டுப் போவார். குட்டையானவர்கள் மதியத்துக்குள் முடித்துவிட்டு பீடியைப் பற்றவைப்பார்கள். நெட்டையானவன் பொழுது சாயும் வரை வெட்டிக்கொண்டிருப்பான். கூலி எல்லோருக்கும் ஒன்று. யாருடைய இடுப்பு என்று கேட்டுத் தகராறாகி, அதில் முத்துச்சாமி ஒரு பல்லையே பறிகொடுத்திருக்கிறான்.

“அக்கா, அது நாலு நம்பர் இல்ல,” என்றான். தன் முழங்காலையும் இடுப்பையும் நெஞ்சையும் கழுத்தையும் வரிசையாகத் தொட்டுக் காட்டினான். “நாலு எடம்.”

கமர்ஜஹான் கைப்பையிலிருந்து இஞ்சி டேப்பை எடுத்தார். வேலையை விட்டாலும் அதை அவர் விடவில்லை. முனீஸ்வரியை வெறுங்காலோடு கிடங்குச் சுவரில் சாய்த்து நிறுத்தி, சென்டிமீட்டர் இருக்கும் பக்கத்தைத் திருப்பி அளந்தார். முப்பத்தொன்பது, எண்பத்தாறு, நூற்று நாலு, நூற்று இருபத்தொன்று. அறிக்கையில் இருந்த ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

மேல்பாதித் தெருவைச் சுத்தம் செய்கிற பொன்ராஜை டீக்கடையிலிருந்து கூட்டிவந்தார்கள். அவன் ஆறே கால் அடி. கடைக்குள் நுழையும்போது குனிவதே அவனுக்குப் பாதி உடற்பயிற்சி. அவனுக்கும் அதே மாதிரி போன் வந்திருந்தது. அவனும் அதே மாதிரி உடம்பைத் தொட்டுத் தொட்டுச் சொல்லியிருந்தான். அவன் நெஞ்சு நூற்று நாற்பத்தொன்றில் இருந்தது. அவனும் பொருந்தவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று முத்துச்சாமியையும் நிறுத்தி அளந்தார். அவனும் இல்லை.

“நல்லவேளை,” என்றான் அவன். “சாக்கடையில நம்ம பேரு கெடல.”

“அப்ப யாரோ ஒருத்தனுக்கு மொழங்கால் நாப்பத்தெட்டு, கழுத்து நூத்தி நாப்பத்தாறு,” என்றார் கமர்ஜஹான். “யாரு எறங்கி யாரோட இடுப்பச் சொன்னாலும், அவன் தன்னோட இடுப்ப எழுதியிருக்கான். ஊர்ச் சாக்கடை பூராவும் ஒரே ஆளுக்குத் தச்ச சட்டை.”

சட்டை எங்கே கிழிந்தது என்பதும் அடுத்த ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிட்டது. மேல்பாதியின் கடைசிக் குழி பொன்ராஜுடையது. அவன் அதை நெஞ்சளவு என்று சொல்லியிருந்தான். அதை அடுத்துக் கிடங்கு வாசலில் இருப்பது முனீஸ்வரியின் முதல் குழி. அவள் கழுத்தளவு என்று சொல்லியிருந்தாள். தண்ணீர் அவன் குழியிலிருந்து அவள் குழிக்கு வர வேண்டும். கமர்ஜஹான் கடிதத்தின் முதுகில் எழுதிக் காட்டினார். அறிக்கைப்படி நெஞ்சு நூற்று இருபத்தேழு, கழுத்து நூற்று நாற்பத்தாறு. அடுத்த குழி பத்தொன்பது சென்டிமீட்டர் அதிக ஆழம், தண்ணீர் குஷியாக இறங்கிப் போகும். ஆனால் பொன்ராஜின் நெஞ்சு நூற்று நாற்பத்தொன்று. முனீஸ்வரியின் கழுத்து நூற்று இருபத்தொன்று. அடுத்த குழி இருபது சென்டிமீட்டர் மேடு. மேலே ரோடு கேரம்போர்டு மாதிரி சமம். அதனால் கம்ப்யூட்டருக்குள் இறங்கி ஓடுகிற தண்ணீர், கிடங்கு வாசலில் ஏறி ஓட வேண்டும்.

தண்ணீர் எங்கேயும் ஏறி ஓடாது. நின்று, பெருகி, பக்கத்தில் எந்த வாசல் தாழ்வாக இருக்கிறதோ அதற்குள் போகும்.

முத்துச்சாமிக்குக் கணக்கைவிட வாளியில் நம்பிக்கை அதிகம். கிடங்கு வாசல் குழியின் மூடியை பொன்ராஜோடு சேர்ந்து நகர்த்தி, ஐந்தாறு வாளித் தண்ணீரை உள்ளே கொட்டினான். அறிக்கைப்படி அது கீழ்ப்பக்கம் போக வேண்டும். வருணஜாலம் படிக்காத அந்தத் தண்ணீர், நேர் எதிர்ப்பக்கம் நகர்ந்து, பொன்ராஜின் குழியில் போய்ச் சத்தம் போட்டு விழுந்தது. கமர்ஜஹான் போனில் அதைப் படம் பிடித்தார்.

முனீஸ்வரி மட்டும் ஆச்சரியப்படவில்லை. அது எப்போதும் அப்படித்தான் போகும், பதினாலு வருஷமாக அப்படித்தான் என்றாள்.

“அதை ஏன்த்தா அந்தத் தம்பிக்கிட்டச் சொல்லல?” என்றான் முத்துச்சாமி.

“எம்புட்டு ஆழம்னுதான கேட்டாங்க. எந்தப் பக்கம் போகும்னு ஒருத்தரும் கேக்கலையே.”

*

நாலு மணி. பழனி ரோட்டில் கம்பெனியின் இரண்டாவது மாடி. உள்ளே சிறுமலை உச்சியில் மார்கழி மாதம் அடிக்கிற குளிர். சௌகத் அலியும், அவர் சார்பில் பேச கமர்ஜஹானும் முத்துச்சாமியும் வந்திருந்தார்கள். விசாரணை நடத்தியவர் மேலாளர் முருகன். வருணஜாலம் என்ற பெயரைச் சொல்லும்போதெல்லாம் குலதெய்வத்தின் பெயரைச் சொல்வதுபோல் குரலை இறக்கினார். முனீஸ்வரிக்கு நாற்காலி போடவில்லை. சுவரோரமாக நின்றாள். நீக்கல் உத்தரவு ஏற்கெனவே அடிக்கப்பட்டு, கையெழுத்துக்கான இடம் மட்டும் காலியாக, மேஜைமேல் தயாராக இருந்தது. விசாரணை என்பது அந்தக் காலி இடத்துக்கு முன்னால் நடக்க வேண்டிய ஒரு சடங்கு.

மென்பொருளை இயக்கிக் காட்ட ஓர் இளைஞன் எழுந்தான். பெயர் மோகன்குமார், ஒட்டன்சத்திரம் பக்கம். திரையில் மழையைப் பெய்யவிட்டான். கிடங்குத் தெரு வழியாக நீலத் தண்ணீர் ஒரு சொட்டு சிந்தாமல் ஊரைவிட்டு வெளியேறியது. முருகன் சாய்ந்து உட்கார்ந்து, எங்கள் வடிகால்களில் எல்லாமே அறிவியல் முறைதான், சுத்தம் செய்வதுகூட முழுக்க இயந்திரம்தான், ஆட்களைக் குழியில் இறக்குகிற பழக்கமே எங்களிடம் கிடையாது, நாலாம் பக்கத்தில் என் கையெழுத்தோடு சான்றிதழே இருக்கிறது என்று சௌகத் அலியின் பக்கம் திரும்பிப் பெருமையாகச் சொன்னார்.

கமர்ஜஹான் திரையைப் பார்க்கவில்லை. மோகன்குமாரைக் காலிலிருந்து கழுத்து வரை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வை முத்துச்சாமிக்குத் தெரியும். எதிராளியின் துணியில் கத்தரி வைக்கும் முன் பார்க்கிற பார்வை அது.

முதலில் கடிதத்தின் முதுகில் எழுதிய கணக்கையும் வாளித் தண்ணீர்ப் படத்தையும் காட்டினார்கள். முருகன் படத்தைப் பாதியில் நிறுத்தச் சொன்னார். ஆறு வாளித் தண்ணியெல்லாம் அறிவியல் ஆகாதும்மா என்றார். அப்படியானால் அறிவியலுக்கே வருவோம் என்று கமர்ஜஹான் டேப்பை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“தம்பி, செத்த செருப்பக் கழட்டிட்டு நேரா நில்லுங்க.”

மோகன்குமார் மேலாளரைப் பார்த்தான். பிறகு டேப்பைப் பார்த்தான். செருப்பைக் கழற்றினான். முத்துச்சாமி அறிக்கையின் கடைசிப் பக்கத்தை விரித்துக்கொண்டு நின்றான்.

“மொழங்கால், நாப்பத்தெட்டு,” என்றார் கமர்ஜஹான்.

“நாப்பத்தெட்டு. இருக்கு.”

“இடுப்பு, நூத்தியொண்ணு.”

“இருக்குக்கா. அறுபத்தி மூணு குழி.”

“நெஞ்சு, நூத்தியிருபத்தேழு. தம்பி, மூச்சப் பிடிக்காதீங்க. கழுத்து, நூத்தி நாப்பத்தாறு.”

“அதுவும் இருக்கு.” முத்துச்சாமி அறிக்கையை மூடினான். “பாய், உங்க கிடங்குக்குள்ள வந்தது மழைத்தண்ணி இல்ல. இந்தத் தம்பியோட உயரம்.”

மோகன்குமார் கல்யாண கோட்டுக்கு அளவு கொடுக்கிறவன் மாதிரி, நிமிர்த்திய கழுத்தை இறக்க மறந்து நின்றான். அப்படியே பேசவும் செய்தான். குழிகளை அளக்க ஆள் கேட்டானாம். பத்து நாளில் அறிக்கை வேண்டும், இருப்பதை வைத்து முடி என்று சொல்லிவிட்டார்களாம். யார் சொன்னது என்று அவன் சொல்லவில்லை. கண் மட்டும் ஒரு தரம் மேலாளரிடம் போய்த் திரும்பியது.

“எல்லாருத்துக்கும் போன் பண்ணினேனுங்க. அவங்க இடுப்புங்கறாங்க, நெஞ்சுங்கறாங்க. சாஃப்ட்வேரு நம்பரு இல்லாம வாங்காதுங்க. ரூம்ல கண்ணாடி முன்னாடி நின்னு என்னையவே அளந்து போட்டுட்டனுங்க. எல்லா ஆளும் கிட்டத்தட்ட ஒரே அளவுதானுங்களேன்னு.”

“கட்டில் மேல ஏறி நிக்காம இருந்தீங்களே, அதுவரைக்கும் சந்தோசம்,” என்றான் முத்துச்சாமி.

சௌகத் அலி தாடியைத் தடவிக்கொண்டார். கேஸ் முடிந்தது என்றுதான் முத்துச்சாமி நினைத்தான். ஆனால் முருகன் இருபது வருஷம் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். வியர்க்கிற மாதிரி இருந்த முகம் மெல்லத் தெளிந்தது. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“சரி. அளவு தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா அந்தத் தப்பான அளவக் குடுத்தது யாரு? நூத்தியிருபத்தொரு சென்டிமீட்டர் குழிய, கழுத்தளவுன்னு சொன்னது இந்தம்மாதான? தான் இம்புட்டு உயரம்தான்னு சொல்லியிருக்கணுமா இல்லையா? கம்பெனிக்குத் தவறான தகவல் குடுத்தது தனிக் குற்றம்.” மூலையில் உட்கார்ந்திருந்த டைப்பிஸ்ட் பக்கம் திரும்பினார். “உத்தரவுல ரெண்டாவது காரணமா அதையும் சேர்த்துருங்க.”

டைப்பிஸ்டின் விரல்கள் ஓடத் தொடங்கின. உயரத்துக்கு எப்படி விளக்கம் கொடுப்பது என்று முனீஸ்வரிக்குத் தெரியவில்லை. முத்துச்சாமிக்கும் முதல் தடவையாக வாய் வரவில்லை. குட்டையாகப் பிறந்தது குற்றம் என்று எழுதுகிறவனிடம் என்ன நையாண்டி செய்வது.

கமர்ஜஹான் டேப்பைச் சுருட்டிக்கொண்டே, அறிக்கையின் நாலாம் பக்கத்தைத் திருப்பி முருகனின் முன்னால் வைத்தார். குரல் உயரவே இல்லை.

“சார், இந்தக் கையெழுத்து உங்களோடதுதான? எந்தக் குழியிலயும் ஆள எறக்குறதில்ல, எல்லாம் மெஷின்னு போட்டுருக்கீங்க. நல்ல விஷயம். சாக்கடை கலக்குற குழியில ஆள எறக்குனா ஜெயில்னு சட்டம் இருக்கு. இப்ப சொல்லுங்க. கழுத்தளவுன்னு ஒருத்தி சொல்லணும்னா, கழுத்து வரைக்கும் உள்ள நின்னுருக்கணும். இவ தப்பான அளவு குடுத்தான்னு நீங்க எழுதுனா, இவ உள்ள எறங்குனான்னு நீங்களே எழுதுறீங்க. எறங்கலன்னா, இவ அளவே குடுக்கல. ரெண்டுல உங்களுக்கு எது வேணுமோ எழுதிக்கோங்க. நாங்க ஒரு காப்பி வாங்கிட்டுப் போறோம்.”

டைப்பிஸ்டின் விரல்கள் தானாக நின்றன. முருகன் தன் கையெழுத்தை, அது வேறு யாரோ போட்டதாக இருக்கக்கூடாதா என்பதுபோல் கொஞ்ச நேரம் பார்த்தார். அழகான கையெழுத்துதான். கீழே தேதியும் இருந்தது.

பிறகு நடந்ததெல்லாம் கால் மணி நேரத்தில் நடந்தது. மேஜைமேல் தயாராக இருந்த உத்தரவு நாலாகக் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போனது. புதிதாக ஒரு கடிதம் அடித்தார்கள். தொழில்நுட்பக் காரணங்களுக்காக அறிக்கை திரும்பப் பெறப்படுகிறது. தொழிலாளி முனீஸ்வரி மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லை. கமர்ஜஹான் அதை வாசித்துவிட்டு, நிரந்தரப் பட்டியலில் பெயர் அப்படியே இருக்கிறது என்று ஒரு வரி விட்டுப் போயிருக்கிறதே என்று ஞாபகப்படுத்தினார். அந்த வரியையும் சேர்த்தார்கள். முருகன் கையெழுத்துப் போட்டார். இந்த முறை பேனா கொஞ்சம் யோசித்து யோசித்து நகர்ந்தது.

முத்துச்சாமி கடிதத்தை முனீஸ்வரிக்கு முழுதாக வாசித்துக் காட்டினான். அவள் வாங்கிக்கொண்டாள். ஆனால் இடத்தைவிட்டு நகரவில்லை.

“அய்யா, நாளைக்கு நான் குழிக்குள்ள எறங்கணுமா?”

முருகன் கமர்ஜஹானை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “சேச்சே. இனிமே எல்லாம் மெஷின்தாம்மா. இந்தா, போட்டோவே இருக்கு பாரு.” நாலாம் பக்கத்தில் சான்றிதழுக்குக் கீழே மஞ்சள் நிறத்தில் ஒரு பெரிய இயந்திரம் பளபளவென்று நின்றுகொண்டிருந்தது.

முனீஸ்வரி குனிந்து அதை நன்றாகப் பார்த்தாள். பதினாலு வருஷத்தில் இதை ஒரு நாளும் கண்டதில்லையே, எந்த ஷெட்டில் நிற்கிறது என்று கேட்டாள். முருகன் மோகன்குமாரைப் பார்த்தார். மோகன்குமார் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான்.

“அது நெட்ல இருந்து எடுத்ததுங்க சார்.”

முனீஸ்வரி கடிதத்தை இரண்டாக மடித்து, ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு, இடுப்பில் செருகிக்கொண்டாள். சுவரோரத்தை விட்டு வந்து, மேலாளருக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில், யாரும் சொல்லாமலே உட்கார்ந்தாள்.

“அப்ப அது வர்ற வரைக்கும் நான் மூடியத் தொறந்து வச்சுக்கிட்டு மேல நின்னு பாத்துக்கிட்டிருக்கேன் அய்யா,” என்றாள். “வேலைக்கு வந்தேன்னு மட்டும் தெனமும் எழுதிருங்க. இன்னைக்கு இருந்தே.”

முருகன் வருகைப் பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். அதற்கும் ஒரு கையெழுத்து வேண்டியிருந்தது.